குதிகால் தரையில் பதியும் வரை

கேரளத்தின் போர்க்கலையான களரியைக் கற்கப் போன முதல் மாதம் முழுவதும், அங்கே குருக்கள் என்று அழைக்கப்படும் ஆசான் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததாக நினைவில்லை. அவர் பார்வை என் பாதங்களிலேயே இருந்தது. வெளியே வடகரையின் ஜூன் மழை ஓலைக் கூரையில் கொட்டிக்கொண்டிருக்கும். பயிற்சிக் குழிக்குள் எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று காலை வீசிக்கொண்டிருப்போம். அவர் சுவரோரமாக நடந்து வருவார், என் அருகே வந்ததும் நிற்பார், "மடம்பு, மோளே" என்பார். மடம்பு என்றால் குதிகால், மோளே என்றால் மகளே. வலது காலை மேலே வீசும்போது ஊன்றிய இடது காலின் குதிகால் என்னை அறியாமல் தரையை விட்டு எழும்பிவிடும். ஒரு விரற்கடைதான் இருக்கும். அந்த ஒரு விரற்கடை இறங்குவதற்கு எனக்கு ஏழு வாரம் ஆனது.

அப்போது எனக்கு வயது 36. என் பக்கத்தில் நின்று காலை வீசியவள் என் மகள், ஒன்பது வயது. அவள் குதிகால் முதல் நாளே தரையோடு ஒட்டிக்கொண்டது.

வங்கி வேலையில் ஈரோட்டிலிருந்து கேரளத்துக்கு மாற்றலாகிப் போனவள் நான். வடகரைக் கிளைக்கு 2017இல் வந்தேன். கோழிக்கோடு மாவட்டத்தின் வட கோடியில் இருக்கும் அந்த வட்டாரத்தின் பழைய பெயர் கடத்தநாடு. வடக்கன் பாட்டுகள் என்று மலையாளிகள் போற்றும் வீரக்கதைப் பாடல்களில் வரும் ஆரோமல் சேகவரும் உண்ணியார்ச்சையும் தச்சோளி ஒதேனனும் அந்தப் பக்கத்து மண்ணில் நடமாடியவர்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா அரிசி களையும்போது உண்ணியார்ச்சையின் பாட்டை முணுமுணுப்பார். கோவில் திருவிழாவுக்குப் போன உண்ணியார்ச்சை, வழிமறித்தவர்களை உறுமி என்ற நெளியும் வாளை வீசி விரட்டிய கதை அது. என் மகள் அந்தப் பாட்டுக்கு மயங்கிப்போய்த்தான் களரிக்கு வர ஆசைப்பட்டாள்.

எனக்கோ களரி என்ற சொல்லே கசப்பாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கேரளத்தின் வேறோர் ஊரில் இருந்தபோது, மேடை நிகழ்ச்சிகள் நடத்தும் ஓர் இடத்தில் சேர்ந்திருந்தேன். சேர்ந்த மூன்றாவது வாரத்தில் கையில் கம்பைக் கொடுத்தார்கள். மூன்றாவது மாதத்தில் உறுமியைக் கொடுத்து, புகைப்படம் எடுத்து, சான்றிதழும் தருவதாகச் சொன்னார்கள். சிமெண்டுத் தரையில் தாவிக் குதித்து இறங்கியபோது வலது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். தாவுவதற்கு முன் இறங்கக் கற்றுத்தர வேண்டும் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை, தெரிந்திருந்தால் மறுத்திருப்பேன்.

அதனால் வடகரையில் மகளைச் சேர்க்கப் போன நாளில் நான் கேட்ட முதல் கேள்வி, "எப்போது ஆயுதம் கொடுப்பீர்கள்?" என்பதுதான். எழுபதைத் தாண்டிய அந்தக் குருக்கள் என் காலைப் பார்த்தார். நான் நின்ற விதத்திலேயே முழங்காலின் குறை அவருக்குத் தெரிந்துவிட்டது. "நீயும் வா. முதலில் நிற்பதைச் சரிசெய்யலாம். ஆயுதம் எங்கேயும் ஓடிவிடாது" என்றார்.

களரி என்பது கலையின் பெயராவதற்கு முன்பு ஓர் இடத்தின் பெயர். கலையைக் களரிப்பயற்று என்பார்கள். பயற்று என்பது நம் பயிற்றுதான். மரபான களரி தரையைத் தோண்டி அமைத்த குழி. அதனால் குழிக்களரி என்ற பெயரும் உண்டு. 42 அடி நீளம், 21 அடி அகலம், ஓர் ஆளின் இடுப்பு மறையும் அளவுக்கு ஆழம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கும், வாசல் கிழக்கில். தென்மேற்கு மூலையில், நாம் கன்னிமூலை என்போமே அங்கே, ஏழு படிகளாகக் குவிந்து உயரும் பூத்தறை என்ற வழிபாட்டு மேடை. அதன் பக்கத்தில் குருமரபை வணங்கும் குருத்தறை. வலது காலை முதலில் வைத்து இறங்கி, வலது கையால் மண்ணைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு, பூத்தறையை வணங்கி, பிறகு குருக்களின் பாதம் தொட்டுத்தான் பயிற்சி தொடங்கும். வெற்றிலையில் தட்சிணை வைத்துக் கொடுத்த முதல் நாளில் இதெல்லாம் சடங்கு என்றே நினைத்தேன். சில வாரங்களில் வேறொன்று புரிந்தது. குழிக்குள் காற்று வீசுவதில்லை. வியர்த்த உடம்பின் மேல் குளிர்ந்த காற்று படாமல் இருப்பதற்குத்தான் அந்த ஆழம். மண் தரை, குதித்து இறங்கும் காலின் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. குனிந்து மண்ணைத் தொடும்போதே அன்றைக்கு முதுகு எப்படி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இடுப்பு பிடித்திருந்த ஒரு காலையில் நான் வணங்கி எழுந்ததைப் பார்த்துவிட்டு, "இன்று தாவ வேண்டாம்" என்று குருக்கள் தள்ளி நிறுத்திவிட்டார்.

நுழையும் முன் எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும். பிறகு கச்சை. பல முழ நீளமுள்ள பருத்தித் துணியை இடுப்பில் இறுக்கிச் சுற்றுவது. துணியின் ஒரு நுனியை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் சுழன்று சுழன்று அதற்குள் தன்னைக் கட்டிக்கொள்வார். பெண்கள் சல்வாருக்கு மேல் கட்டிக்கொண்டோம். அது அழகுக்காகக் கட்டுவதன்று. அடிவயிறும் இடுப்பும் தளராமல் தாங்கிப்பிடிக்கும். கச்சையில்லாமல் நான் பயின்ற நாட்களில் மாலைக்குள் இடுப்பு கனத்துவிடும்.

பயிற்சி நான்கு கட்டம். மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை. முதலில் உடம்பு, அடுத்து மரக்கம்புகள், அடுத்து இரும்பு ஆயுதங்கள், கடைசியில் வெறுங்கை. வெறுங்கை ஏன் கடைசியில் வருகிறது என்று யாரும் கேட்காமல் இருக்க முடியாது. நானும் கேட்டேன். ஆயுதத்தின் வீச்சையும் தூரத்தையும் உடம்பு அறிந்த பிறகுதான் வெறுங்கையோடு ஆயுதத்தின் எதிரே நிற்க முடியும் என்று குருக்கள் விளக்கினார். என் முந்தைய அனுபவத்தில் இந்த வரிசைதான் கலைத்துப்போடப்பட்டிருந்தது. களரியின் பழமையை எதில் காண்பது என்று இன்று என்னைக் கேட்டால், இந்த வரிசையைத்தான் காட்டுவேன். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் நேரக்கூடிய காயத்தை முன்கூட்டியே அறிந்தவர்கள் வகுத்தது போல இருக்கிறது.

மெய்த்தாரியின் தொடக்கம் கால் வீச்சு. நேர்க்கால், கோண்கால், வீதுகால், அகங்கால், புறங்கால், இருத்திக்கால். தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர்களே பாதிப் பாடம். நேர்க்கால் என்றால் தலைக்கு மேல் நீட்டிய கையைத் தொடும்படி நேராக வீசுவது. கோண்கால் எதிர்த் தோளை நோக்கிக் கோணலாகப் போகும். இருத்திக்காலில் வீசிய கால் இறங்கும்போதே உடம்பும் தரைக்கு இறங்கி, உட்கார்ந்து, எழ வேண்டும். 36 வயதில் தொடைக்குப் பின்னால் உள்ள தசைநார்கள் கட்டிப்போன கயிறு போலிருக்கும். நான் செய்த பெரிய தவறு, கை இருக்கும் உயரத்துக்குக் காலைக் கொண்டுபோக அவசரப்பட்டது. உயரம் கிடைப்பதற்காக முதுகைக் கூன வைத்தேன், ஊன்றிய முழங்காலை மடக்கினேன், குதிகாலைத் தூக்கினேன். குருக்கள் என் கையைப் பிடித்து இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்தார். "கால் இங்கே வந்தால் போதும். ஆனால் முதுகு நேராக, முழங்கால் நேராக, மடம்பு தரையில்." முதல் மழைக்காலம் முழுவதும் என் கை இடுப்புக்கு மேலே ஏறவேயில்லை. இரண்டாம் ஆண்டு மார்புக்கு வந்தது. நான்காம் ஆண்டில்தான் தோள் உயரம். வயதில் மூத்து வருகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: உயரத்தைப் பேசாதீர்கள், ஊன்றிய காலைக் கவனியுங்கள்.

கால் வீச்சுக்குப் பிறகு வடிவுகள். யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என எட்டு. கஜவடிவு, சிம்மவடிவு, அசுவவடிவு என்று வடமொழிப் பெயர்களில்தான் சொல்வார்கள். பார்க்க எளிதாகத் தோன்றும் கஜவடிவில்தான் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அகலக் கால் பரப்பி, முழங்கால்களை மடித்து, முதுகை நிமிர்த்தித் தாழ்ந்து நிற்க வேண்டும். தொடை எரியும். மூச்சை அடக்கினால் எரிச்சல் இரட்டிப்பாகும் என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன். வாய் திறவாமல் மூக்கால் மெல்ல விட்டுக்கொண்டே நின்றால் இன்னும் பத்து எண்ணிக்கை தாங்கலாம்.

வடிவுகளும், சுவடுகள் என்ற கால்வைப்புகளும், தாவலும் திருப்பமும் சேர்ந்து மெய்ப்பயற்று என்ற தொடர்களாகின்றன. இவற்றைக் குருக்கள் செய்து காட்டுவதில்லை. வாயால் சொல்லுவார். அதற்கு வாய்த்தாரி என்று பெயர். ஒரே மூச்சில், தாளக்கட்டோடு, கட்டளைகள் வரிசையாக விழும். "தொழுது, மாறி, சவிட்டி, வலிஞ்ஞமர்ந்நு, நிவர்ந்நு" என்று அவர் குரல் போகும் வேகத்தில் உடம்பு போக வேண்டும். சொற்களில் பாதி நம் சொற்கள். எனக்கு மட்டும் "அமர்ந்நு" என்ற சொல் ஒவ்வொரு முறையும் தடுக்கிவிட்டது. அமர் என்றால் என் காது உட்காரச் சொல்லும், உடம்பு தளர்ந்துவிடும். களரியில் அமர்வது தளர்வதன்று. பாயப்போகும் பூனை போலத் தாழ்ந்து, எடை முழுவதும் தொடையில் தேங்க, அடுத்த நொடிக்குத் தயாராக இருப்பது. நம் பழந்தமிழில் அமர் என்ற சொல்லுக்குப் போர் என்ற பொருளும் உண்டென்பது ஒரு நாள் பயிற்சியின் நடுவே நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அந்தச் சொல் என்னைத் தளர்த்தவில்லை.

முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்யும் பழக்கத்தை வாய்த்தாரி அறுத்துவிடுகிறது. காதால் கேட்டு உடம்பால் பதில் சொல்லும்போது கண் விடுதலையாகிறது. "மெய் கண்ணாக வேண்டும்" என்று களரியில் ஒரு வழக்கு உண்டு. உடம்பு முழுவதும் கண்ணாவது. நான் அந்த இடத்துக்குப் போகவில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், பின்னாலிருந்து தாவி வந்த ஒரு பையன் தரையில் இறங்கும் சத்தத்துக்கு முன்பே நான் விலகியிருந்தேன். ஏன் விலகினேன் என்று எனக்குத் தெரியாது. குருக்கள் அன்று முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

இந்தக் கலை எப்போது தோன்றியது என்ற கேள்விக்குக் களரியிலேயே ஒரு விடை இருக்கிறது. கடலிலிருந்து நிலத்தை மீட்ட பரசுராமர் 42 களரிகளை நிறுவி, 21 பேருக்குக் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். 42க்கு 21 என்ற குழியின் அளவோடு கதை பொருந்துவதைக் குருக்கள் மகிழ்ச்சியோடு சொல்வார். கதைக்கு உரிய மதிப்பை அதற்குக் கொடுக்கிறேன். ஆனால் நம்மவர்கள் களரியைப் பற்றிப் பேசும்போது கேட்கிற வேறு சில கூற்றுகளை எதிர்க்காமல் இருக்க முடியவில்லை. சங்க இலக்கியத்தில் களரி வருகிறது, ஆகவே இது 2000 ஆண்டுப் பழமை என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். வருகிறதுதான். புறநானூற்றில் வரும் களரி, கள்ளி மண்டிய சுடுகாட்டு நிலம். அதை வைத்துப் போர்க்கலையின் வயதைக் கணக்கிடுவது அந்தப் பாட்டுக்கும் நியாயமில்லை, களரிக்கும் நியாயமில்லை. போதிதர்மர் இதைச் சீனத்துக்குக் கொண்டுபோனார் என்ற பேச்சும் அப்படித்தான், சான்று இல்லாத பெருமை.

சான்று உள்ள இடங்களே போதுமான அளவுக்குச் சுவையானவை. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்காக, அதாவது மாணவர்களுக்காக, ஒரு சாலை அமைத்தான். சாலை என்றால் இங்கே கல்விக்கூடம். அந்த ஊர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தச் சாலைக்கு முன்மாதிரியாக அவன் வைத்துக்கொண்டது காந்தளூர்ச் சாலையை. "காந்தளூர்ச் சாலை கலமறுத்த" என்று ராஜராஜ சோழனின் கல்வெட்டுகள் பெருமைப்படுகின்றனவே, அதே சாலைதான். கலமறுத்தல் என்றால் என்ன என்று இன்றும் வழக்காடுகிறார்கள், ஆனால் சாலைகளில் கல்வியோடு ஆயுதப் பயிற்சியும் இருந்தது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் சேரருக்கும் சோழருக்கும் நடந்த நீண்ட போரில்தான் கேரளத்தில் போர்ப்பயிற்சி பரவலானது என்று வரலாற்றாசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை எழுதினார். பின்வந்தவர்கள் அந்தக் கருத்தை அப்படியே ஏற்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் இருந்த போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா, நாயர் வீட்டுப் பிள்ளைகள் ஏழு வயதில் பயிற்சிக்கு அனுப்பப்படுவதையும், உடம்பு எப்படியும் வளையும்படி அவர்கள் பழக்கப்படுத்தப்படுவதையும் குறித்து வைத்திருக்கிறார். 500 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்கு என் மகளின் குதிகால் நினைவுக்கு வந்தது.

களரி ஒரு சாதியின் சொத்தாக இருந்ததில்லை என்பதும் சொல்லப்பட வேண்டியது. நாயர்கள் பயின்றார்கள். தீயர்களில் சேகவர்கள் பயின்றார்கள். பிறர் வழக்குகளைத் தீர்க்க அங்கத்தட்டு என்ற போர்மேடையில் ஏறி உயிரைப் பணயம் வைத்துப் பொருதவர்கள் அவர்கள். மாப்பிள்ளை முஸ்லிம்களும் பயின்றார்கள். எங்கள் குழியில் பூத்தறைக்கு முன் கைகூப்பியவர்களும், நெஞ்சில் கைவைத்து மண்ணை மட்டும் தொட்டவர்களும் இருந்தார்கள். குருக்கள் யாரையும் வற்புறுத்தியதில்லை.

பிறகு துப்பாக்கி வந்தது. எதிரியின் வாளுக்கு அஞ்சாத தச்சோளி ஒதேனன், களத்தில் மறந்துவிட்டு வந்த ஆயுதத்தை எடுக்கத் திரும்பிப் போனபோது மறைந்திருந்து சுட்ட குண்டுக்குப் பலியானான் என்று பாட்டு சொல்கிறது. பிரிட்டிஷாரை எதிர்த்து வயநாட்டுக் காட்டில் போரிட்ட பழசி ராஜா 1805 நவம்பர் 30இல் மாண்டார். ஆயுதம் வைத்திருப்பவர்கள் மீது அரசின் கெடுபிடி இறுகியது. களரிகள் பல பாழாயின. கலை முற்றிலும் அறுந்துபோகாமல் காத்தது எண்ணெயும் மருந்தும்தான் என்று குருக்கள் சொல்வார். வாளை எடுக்க முடியாத காலத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டியும், உழிச்சில் என்ற எண்ணெய்த் தேய்ப்பு செய்தும் குருக்கள் குடும்பங்கள் பிழைத்தன. கதகளி ஆட்டக்காரர்களின் உடற்பயிற்சியிலும் எண்ணெய்த் தேய்ப்பிலும் களரியின் கை இன்றும் தெரியும்.

20ஆம் நூற்றாண்டில் அதை மறுபடி எழுப்பியவர்களில் கோட்டக்கல் கணாரன் குருக்களின் பெயரை எங்கள் களரியில் விளக்கு ஏற்றும்போது சொல்வோம். பல ஆசான்களிடம் சிதறிக் கிடந்ததைத் தேடித் தேடிக் கற்றுச் சேர்த்து, முதுமையில் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர், 1935இல் மறைந்தார். அவருடைய மாணவர் சி.வி. நாராயணன் நாயர் தலச்சேரிப் பக்கத்திலிருந்து கலையைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் வழங்கும் சி.வி.என். களரிகள் இன்று கேரளத்தின் பல ஊர்களில் இருக்கின்றன.

பெண்களின் இடம் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். பாட்டில் உண்ணியார்ச்சை இருந்தாலும், பிற்காலத்தில் பெண் குழந்தைகள் பெரும்பாலும் வயதுக்கு வரும்வரைதான் களரியில் இறங்கினார்கள். வடகரைக்கு அருகே புதுப்பணத்தில் மீனாட்சியம்மா ஏழு வயதில் இறங்கியவர், நிறுத்தவேயில்லை. எழுபது வயதைக் கடந்தும் வாளும் கேடயமுமாக நிற்கும் அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ விருது கொடுக்கப்பட்டது. நான் வடகரைக்கு வந்த ஆண்டும் அதுதான். அந்த ஆண்டு ஊர்க் களரிகளில் தாய்மார்கள் மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். எங்கள் களரியில் மாதவிடாய் நாட்களில் பெண்கள் குழிக்குள் இறங்கும் வழக்கம் இல்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குருக்களின் மனைவியிடம் அதைச் சொன்னேன், அவர் மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார், வழக்கம் மாறவில்லை. அந்த நாட்களில் தாவலும் உயர வீச்சும் வேண்டாம் என்று உடம்பே சொல்லும். அதை நான் ஏற்பேன். குழிக்குள் நிற்கக்கூடாது என்பதை இன்றும் ஏற்கவில்லை.

இரண்டாம் ஆண்டின் முடிவில் கோல்த்தாரி. முதலில் கெட்டுகாரி என்ற நீண்ட கம்பு, பிறகு முச்சாண். மூன்று சாண் நீளமுள்ள சிறு கம்பு அது. பெயரிலேயே அளவு. பார்க்கச் சின்னதாக இருக்கும் இதுதான் கடினம், ஏனென்றால் எதிராளி அவ்வளவு நெருக்கத்தில் இருப்பார், அடிகள் மழையாக விழும். என் சுட்டுவிரலில் இரண்டு முறை அடிபட்டது. கம்பைப் பற்றும்போது கட்டைவிரலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த அடி அதன் மேல்தான், ஆகவே முதல் வாரம் எதிராளி இல்லாமல் பிடியை மட்டும் பழகுங்கள். யானையின் துதிக்கை போல வளைந்த ஒற்றை என்ற கம்பு எனக்குக் கொடுக்கப்படவில்லை. அதன் முனைக் குமிழ், மர்மம் எனப்படும் உயிர்நிலைகளை நோக்கிப் போவது. ஐந்து ஆண்டுகளில் அதைத் தொட நான் தகுதி பெறவில்லை என்று குருக்கள் நினைத்தார், அவர் நினைத்தது சரி. அங்கத்தாரியில் கட்டாரம் என்ற குத்துவாள் வரை வந்தேன். உறுமியை, முதல் இடத்தில் மூன்றே மாதத்தில் என் கையில் திணிக்கப்பட்ட அந்த நெளியும் வாளை, இங்கே யாரும் எனக்குத் தரவில்லை. பல ஆண்டுகள் பயின்றவர்களே அதைச் சுழற்றும்போது மற்ற எல்லோரும் மேலே ஏறி நின்றுகொள்வார்கள்.

கர்க்கடக மாதம், நம் ஆடி, உழிச்சிலுக்கு உரியது. ஆண்களுக்குக் குருக்கள் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் உழிவார், சவிட்டி உழிச்சில் என்று அதற்குப் பெயர். பெண்களுக்கு அவர் மனைவி கையால் செய்தார். நான் ஏழு நாள் எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலித்தது, ஏழாம் நாள் முடிவில் என் பழைய முழங்கால் வலியில் பாதி இறங்கியிருந்தது. அதற்குப் பிறகும் அதே ஏழு நாள் பத்தியம். பகல் தூக்கம் கூடாது, வெயிலும் குளிர்காற்றும் கூடாது, கடும் உழைப்பு கூடாது, கஞ்சியும் எளிய கறியும். உழிச்சிலுக்கு மட்டும் விடுப்பு எடுத்துவிட்டு மறுநாளே வேலைக்கு ஓடிய ஒரு தோழர் இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தார். விடுப்பை இரண்டு மடங்காகக் கணக்கிட்டு வாங்குங்கள், முடியாவிட்டால் அந்த ஆண்டு உழிச்சில் வேண்டாம். ரத்த அழுத்தம், பழைய முறிவு, கருத்தரிப்பு என எதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மர்மம் பற்றிக் கேட்டபோது குருக்கள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "கட்டத் தெரிந்த பிறகு உடைக்கக் கற்றுக்கொள்" என்றார். பிறகு, "நீ தமிழச்சி. தெற்கே போய்ப் பார்" என்றும் சொன்னார். ஒரு விடுமுறையில் மார்த்தாண்டம் பக்கத்தில் ஓர் ஆசானைப் பார்த்தேன். அங்கே குருக்கள் இல்லை, ஆசான். பரசுராமர் இல்லை, அகத்தியர். மர்மத்தை அங்கே வர்மம் என்கிறார்கள், அதைப் பற்றிய சுவடிகள் தமிழில் இருக்கின்றன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108. சுசுருதரின் ஆயுர்வேத நூல் மர்மங்களை 107 என்கிறது. குழி இல்லை, திறந்த முற்றம். ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு என்று வெறுங்கையில் தொடங்குகிறார்கள், வடக்கே கடைசியாக வருவது இங்கே முதலில். முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த மண் அது, இரண்டு மொழியும் அந்த ஆசானின் நாவில் ஒரே வாக்கியத்தில் வந்தன. அவரிடமும் நான் ஒன்றைக் கண்டேன். வர்மத்தில் தட்டுப்பட்டு விழுந்தவனை எழுப்பத் தெரியாதவனுக்கு அவர் தட்டக் கற்றுத்தருவதில்லை.

யாராவது களரியில் சேர வேண்டும் என்று என்னிடம் வழி கேட்டால், ஒரு நாள் முழுப் பயிற்சியை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள் என்பேன். பார்க்க விடாத இடத்தில் சேராதீர்கள். யாரிடம் கற்றார் என்று குருக்களைக் கேளுங்கள், நல்லவர் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் மாறும். அடிபட்டால் அவர் கையால் மருந்து கட்டுவாரா என்று பாருங்கள். காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். முடிந்ததும் மின்விசிறிக்குக் கீழே உட்காராதீர்கள், வியர்வை தானாக அடங்கிய பிறகு வெந்நீரில் குளியுங்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் முறிவெண்ணெய் தடவி ஒரு நாள் ஓய்வெடுங்கள். சிமெண்டுத் தரையில் தாவாதீர்கள். இதை நான் என் முழங்காலைத் தொட்டுச் சொல்கிறேன்.

2022இல் ஈரோட்டுக்குத் திரும்பினோம். வீட்டுக்குப் பின்னால் சிறு இடத்தில் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, கெட்டிப்படுத்தியிருக்கிறோம். முதல் ஜூனில் பயிற்சியைத் தொடங்கியபோது தசைகள் இளகவே இல்லை, மண் காய்ந்து வெடித்தது. குருக்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அங்கே மழை இல்லையா?" என்றார்.

"ஜூனில் இங்கே மழை இல்லை, குருக்களே. ஐப்பசியில்தான்."

சற்று நேரம் யோசித்தார். மழைக்காலத்தில் உடம்பு குளிர்ந்து இளகியிருக்கும், எண்ணெய் தோலில் நிற்கும், அதனால்தான் நாங்கள் அப்போது தொடங்குகிறோம் என்றார். பிறகு, "அப்படியென்றால் நீ ஐப்பசியில் தொடங்கு, மோளே" என்றார்.

அந்த ஆண்டு ஐப்பசியில், முதல் மழை நின்ற மறுநாள் விடியற்காலையில், நானும் மகளும் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்கட்டுக்கு இறங்கினோம். மண் ஈரமாக இருந்தது. அவள் கச்சையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள, நான் சுழன்று கட்டிக்கொண்டேன்.